சென்னையின் முதல் மேயர் ஹிக்கின்சன்: கும்பினி வியாபாரி, நகரத் தலைவர், மறந்துபோன மனிதர்

தங்கசாலை வாசகன்:

சென்னையின் முதல் மேயர் யார் என்று கேட்டால் நிறையப் பேர் ராஜா சர் முத்தையா செட்டியார் என்று சொல்வார்கள். 1933-ல் மேயர் என்ற பதவிப் பெயர் திரும்ப வந்தபோது முதலில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் அவர்தான், அதில் தப்பில்லை. ஆனால் அதற்கு 245 வருஷம் முன்னாலேயே, 1688 செப்டம்பர் 29 அன்று, இந்த ஊருக்கு ஒரு மேயர் பதவியேற்றிருக்கிறார். பெயர் நத்தானியேல் ஹிக்கின்சன். கோட்டையில் கவர்னராக இருந்த எலிஹு யேல் அவருக்குப் பிரமாணம் செய்துவைத்தார்.

ஆளைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் சேர்த்துக்கொள்ளுங்கள். 1652-ல் இன்றைய அமெரிக்காவின் கனெக்டிகட்டில் கில்ஃபர்ட் என்ற ஊரில் பிறந்தவர். தாத்தா, அப்பா இருவரும் பாதிரியார்கள். 1670-ல் ஹார்வர்டில் பட்டம் வாங்கினார். 1674-ல் இங்கிலாந்து போய் வார்ட்டன் பிரபுவின் வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டும் வீட்டு நிர்வாகத்தைக் கவனித்துக்கொண்டும் சில வருஷங்கள் இருந்தார். அப்புறம் லண்டன் கோபுரத்தில் இருந்த நாணயச் சாலையில் வேலை. அங்கிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்து 1680-களின் நடுவில் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். வந்த சில வருஷங்களிலேயே கவுன்சிலில் இடம், பிறகு மேயர், 1692 அக்டோபரிலிருந்து 1698 ஜூலை வரை மதராஸ் கவர்னர்.

எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை மூன்றும் கம்பெனி கைக்கு வந்தது இவர் கவர்னராக இருந்தபோதுதான், 1693-ல். இன்றைக்குச் சென்னை என்று நாம் சொல்கிற ஊரின் பெரிய துண்டு ஒன்றைக் கோட்டையோடு சேர்த்தவர். ஆனாலும் இவர் பெயரில் ஒரு தெருவைக்கூட நான் பார்த்ததில்லை. இவரைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

புரசை ராஜா:

நல்ல இழை அண்ணே. ஒரு சந்தேகம், மவுண்ட் ரோட்டில் இருக்கிற ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடை இவர் குடும்பத்துடையதா?

தங்கசாலை வாசகன்:

இல்லை தம்பி. அது ஏபல் ஜோஷுவா ஹிக்கின்பாதம் 1844-ல் தொடங்கிய கடை, அந்தக் குடும்பம் வேறு, காலமும் ஒன்றரை நூற்றாண்டு பிந்தியது.

கணக்கன்:

இவரை வணிகர் என்று தலைப்பில் போட்டிருக்கிறீர்கள் சார். கொஞ்சம் விளக்கம் தேவை. கடை வைத்து முன்னுக்கு வந்து, ஊர் மதித்து மேயராக்கிய ஆள் இல்லை இவர். கம்பெனி சம்பளக்காரர். எழுத்தர், ஃபாக்டர், ஜூனியர் வணிகர், சீனியர் வணிகர் என்று கம்பெனியில் படிகள் உண்டு, அந்த ஏணியில் ஏறியவர். 'வணிகர்' என்பது அங்கே ஒரு பதவிப் பட்டம்.

அதே சமயம், அந்தக் காலத்துக் கம்பெனிக்காரர்கள் சம்பளத்தில் வாழவில்லை என்பதும் உண்மை. கவர்னர் சம்பளமே வருஷத்துக்கு 300 பவுன் அளவுதான், கீழே இருக்கிற எழுத்தருக்குப் பத்து பவுன் கிடைத்தால் பெரிது. அதை வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்து உயிரைக் கொடுக்க யார் தயார்? ஆசியத் துறைமுகங்களுக்கு இடையே சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்துகொள்ளலாம் என்று கம்பெனி விட்டுவைத்திருந்தது. மதராஸிலிருந்து துணி ஏற்றிப் பர்மாவின் பெகு, சுமத்ராவின் அச்சே, மணிலா பக்கம் அனுப்புவது, கோல்கொண்டா வைரத்தை லண்டனுக்கு அனுப்புவது, அங்கிருந்து பவளம் வரவழைப்பது என்று அவரவர் பணத்தைப் போட்டுப் பெருக்கிக்கொண்டார்கள். அந்த அர்த்தத்தில் கோட்டைக்குள் இருந்த எல்லோருமே வியாபாரிகள்தான். யேல் அதில் பெரும் பணம் சேர்த்தார். ஹிக்கின்சனும் 1700-ல் லண்டன் திரும்பி அங்கே வணிகராகவே மிச்ச காலத்தைக் கழித்தார். ஆக, தலைப்பை நான் மறுக்கவில்லை, எந்த மாதிரி வணிகர் என்பது தெளிவாக இருக்கட்டும் என்கிறேன்.

இன்னொன்று முக்கியம். மதராஸுக்கு ஏன் மாநகராட்சி வந்தது? மக்கள் நலம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வரிக்காக வந்தது. 1686-ல் கவர்னர் கிஃபோர்டு காலத்தில், கோட்டைக்கு வெளியே நம்மூர் ஜனங்கள் குடியிருந்த கறுப்பர் நகரத்துக்கு மதில் எழுப்ப, காவல் போட என்று வீட்டு வரி விதித்தார்கள். ஜனங்கள் கடைகளை அடைத்துவிட்டார்கள். வீட்டை இடிப்போம், விற்போம் என்று மிரட்டித்தான் பணிய வைக்க வேண்டியிருந்தது. லண்டனில் கம்பெனியை ஆட்டிவைத்துக்கொண்டிருந்த சர் ஜோசையா சைல்டுக்கு இதற்கு ஒரு வழி தோன்றியது. டச்சுக்காரர்கள் படேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) நகர நிர்வாகத்தை எப்படி நடத்துகிறார்கள் என்பதையும் அவர் பார்த்து வைத்திருந்தார். நாம் அதிகாரத்தைக் காட்டி 6 பென்ஸ் கேட்டால் கொடுக்க மறுக்கிறவர்கள், தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்ட வரி என்றால் 5 ஷில்லிங்கூட மனசாரக் கொடுப்பார்கள் என்பது கம்பெனிக் கடிதத்தில் இருக்கிற வாதம். ஒரு நகரத்து மேயர் பதவி பிறந்த காரணம் அதுதான்.

பெத்துநாயக்கன்பேட்டை:

கணக்கன் சார் சொன்னதற்கு மேலே கொஞ்சம் சேர்க்கிறேன். காரணம் வரியாக இருக்கட்டும், ஆனால் அந்த வரி யோசனை ஒரு விசேஷமான காரியத்தைச் செய்துவிட்டது. சொந்த வரி என்று சொல்ல வேண்டுமானால் வரி கட்டுகிறவர்களின் ஆட்கள் உள்ளே இருக்க வேண்டுமே. அதனால் 1688-ல் மேயரோடு உட்கார்ந்த 12 ஆல்டர்மேன்களில், அதாவது நகர மன்றத்தின் மூத்த உறுப்பினர்களில், ஆங்கிலேயர்கள் சிறுபான்மைதான். ஹியூகனாட் என்கிற பிரெஞ்சு புராட்டஸ்டண்ட் வணிகர் ஒருவர் இருந்தார். வைரமும் பவளமும் விற்ற யூத வணிகர்கள் இருந்தார்கள், பார்தலோமியூ ரோட்ரிக்ஸ் அவர்களில் ஒருவர். நம்மூர்க்காரர்கள் மூன்று பேர்: சின்ன வெங்கடாத்ரி, முத்து வீரண்ணா, ஆலங்காத்தா பிள்ளை. கம்பெனி ஏடுகளில் இந்தப் பெயர்களைப் படிக்கவே சிரமமாக இருக்கும், மூடா வெரோனா, அலிங்கால் பிள்ளை என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இந்த மூன்று பேரும் கம்பெனிக்குத் துணி வாங்கிக் கொடுத்த பெரிய வணிகர்கள். இவர்களுக்கு முந்தின தலைமுறையில் காசி வீரண்ணா என்று ஒருவர் இருந்தார், 1680-ல் இறந்தார், திருவல்லிக்கேணியையே கோல்கொண்டாக்காரர்களிடமிருந்து குத்தகைக்கு எடுத்து வைத்திருந்த அளவுக்குச் செல்வாக்கு. நெசவாளருக்கு முன்பணம் கொடுப்பது, துணியைத் தரம் பார்ப்பது, கெடு தேதிக்குள் கப்பலுக்குச் சேர்ப்பது எல்லாம் இவர்கள் கையில். இவர்கள் சரக்கு தர மறுத்தால் கோட்டையில் இருந்தவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

ஆலங்காத்தா பிள்ளையைப் பற்றி ஒரு வரி. தங்கசாலைத் தெருவில் ஏகாம்பரேசுவரர் கோயில் இருக்கிறதல்லவா, அதைக் கட்டியவர் அவர். பழைய வரைபடத்தில் அந்தக் கோயிலுக்கு அவர் பெயரைத்தான் போட்டிருக்கிறார்கள். சவுகார்பேட்டைக்குச் சாமான் வாங்கப் போகிற எத்தனையோ பேர் அந்தக் கோபுரத்தைத் தாண்டித்தான் போகிறோம், இது சென்னையின் முதல் மாநகராட்சி உறுப்பினர் ஒருவர் கட்டிய கோயில் என்று ஒரு பலகை வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். ஹிக்கின்சனுக்குத் தெரு இல்லை என்று தங்கசாலை அண்ணன் வருத்தப்படுகிறார். எனக்கு இந்த மூவருக்காகத்தான் வருத்தம் அதிகம்.

தங்கசாலை வாசகன்:

அருமை. பதவியேற்பு நாளைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல விட்டுப்போனது. லண்டனிலிருந்து வந்த உத்தரவில் உடுப்பு முதற்கொண்டு எழுதியிருந்தார்கள். மேயருக்கும் ஆல்டர்மேன்களுக்கும் செக்கச் சிவந்த கம்பளி அங்கி, பர்ஜெஸ்கள் என்ற கீழ்நிலை உறுப்பினர்களுக்கு வெள்ளைச் சீனப்பட்டு. மேயருக்கு முன்னால் தூக்கிப் போக முலாம் பூசிய வெள்ளிச் செங்கோல்கள். லண்டன் மேயர் ஊர்வலம் போகிற மாதிரியே குதிரை மேல் போகலாம். எல்லாவற்றையும்விட, தலைக்கு மேல் குடை பிடித்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை!

இது சாதாரணச் சலுகை இல்லை. இந்த ஊரில் குடை என்பது வெயிலுக்காக மட்டும் பிடிப்பதில்லை, யார் குடையோடு போகலாம், யார் பல்லக்கில் போகலாம் என்பதற்காகவே தெருத் தெருவாகச் சண்டை நடந்த காலம் அது. வலங்கை, இடங்கை என்ற இரண்டு சாதி அணிகளின் தகராறுகள் பலவற்றின் மூலமே இந்த மாதிரி மரியாதைச் சின்னங்கள்தான். லண்டனில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கிறது. பணம் வேண்டும், அதற்கு வணிகர்கள் வேண்டும், அவர்களை இழுக்க மரியாதை வேண்டும். செப்டம்பர் மாத மதராஸ் புழுக்கத்தில் கம்பளி அங்கியை மாட்டிக்கொண்டு, பட்டும் சரிகையும் விற்கிற வெங்கடாத்ரியும் வீரண்ணாவும் ஒரு அமெரிக்கப் பாதிரியார் மகனுக்குப் பின்னால் நடந்து போன காட்சியை நினைத்துப் பாருங்கள்.

திருவொற்றியூர் செல்வி:

எல்லாம் சரி, ஆனால் இந்த இழை முழுக்க ஊர்வலமும் அங்கியுமாகப் போய்க்கொண்டிருக்கிறது, அதனால் சொல்கிறேன். அதே 1680-களில் இந்தக் கரையிலிருந்து மனிதர்களைக் கப்பலேற்றி விற்றார்கள். 1686, 87-ல் கடும் பஞ்சம். பசிக்காகப் பிள்ளைகளை விற்றவர்கள், தங்களையே விற்றுக்கொண்டவர்கள், திருடிக்கொண்டு போய் விற்கப்பட்ட குழந்தைகள் எல்லாம் இந்தத் துறைமுகம் வழியாகப் போனார்கள். கம்பெனியே செயின்ட் ஹெலினா தீவுக்கு அடிமைகளை அனுப்பியது. 1688 மே மாதம் யேலின் கவுன்சில் அடிமை ஏற்றுமதியைத் தடை செய்தது, அதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் மொகலாய அதிகாரிகளின் எதிர்ப்புதான் அதற்குப் பெரிய காரணம், மனசாட்சி இல்லை. தடை வந்து நாலு மாதத்தில் மேயர் பதவியேற்பு. அந்த நிர்வாகத்தில் ஹிக்கின்சன் இருந்தவர். அவரை நல்லவர் யேல் கெட்டவர் என்று பிரித்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

இன்றைக்கு யேலின் பெயர் அமெரிக்காவில் பல்கலைக்கழகத்துக்கு இருக்கிறது. இங்கே அவருடைய குழந்தை டேவிட் புதைக்கப்பட்ட நினைவுச் சின்னம் பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. அந்தக் கப்பல்களில் போன நம் ஜனங்களின் பெயர் ஒன்றுகூட நமக்குத் தெரியாது. முதல் மேயரைப் பற்றி எழுதினால் இதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

கணக்கன்:

செல்வி அம்மா சொல்வதில் ஒரு வார்த்தைகூட மறுக்க முடியாது. மேயர், ஆல்டர்மேன்கள் சேர்ந்து நடத்திய மேயர் கோர்ட்டும் அப்படித்தான். ஊர்க்காரர்களின் வழக்கை ஊர்க்காரர்களும் சேர்ந்து விசாரிக்கிறார்கள் என்பது வெளியே தெரிகிற முகம். ஆனால் மேலே அப்பீல் போக வேண்டிய இடமும் கம்பெனி வைத்த நீதிமன்றம்தான், கவர்னர் கையை மீறி ஒன்றும் நடக்காது.

மாசசூசெட்ஸ் மணி:

நான் பாஸ்டன் பக்கம் இருக்கிறேன், ஹிக்கின்சன் குடும்பம் வாழ்ந்த சேலம் இங்கிருந்து பக்கம். அங்கே போகிற சுற்றுலாக்காரர்கள் எல்லோரும் 1692 சூனியக்காரி வழக்குகளைப் பார்க்கத்தான் போகிறார்கள். அந்த வழக்குகள் நடந்தபோது ஊரின் மூத்த பாதிரியார் யார் தெரியுமா? ஜான் ஹிக்கின்சன், நம்ம மேயரின் அப்பா. எழுபதைத் தாண்டிய கிழவர். அவருடைய மகள் ஆன் டாலிவர், அதாவது நத்தானியேலின் சகோதரி, சூனியக்காரி என்று குற்றம் சாட்டப்பட்டுக் கைதானவர்களில் ஒருத்தி. கணவன் கைவிட்டுப் போய், மனநிலை சரியில்லாமல் அப்பா வீட்டில் இருந்த பெண். ஜூன் மாதம் அவளைப் பிடித்தார்கள். அதே வருஷம் மே மாதம் மதராஸில் நத்தானியேலுக்கு எலிசபெத் ரிச்சர்ட்ஸோடு கல்யாணம், அக்டோபரில் அவர் கவர்னர். அந்தக் காலத்தில் கடிதம் போய்ச் சேரவே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும், சகோதரிக்கு நடந்தது அவருக்கு எப்போது தெரிந்திருக்குமோ. ஆனைத் தூக்கிலிடவில்லை, தப்பித்தாள்.

இந்தக் குடும்பத்தின் கடிதங்களை மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகம் அச்சில் கொண்டுவந்திருக்கிறது, கிடைத்தால் படியுங்கள். அப்பா, வருஷக்கணக்காகக் கண்ணால் பார்க்காத மகனுக்கு எழுதுகிறார். சேலத்தில் இருக்கிற அண்ணன் ஜான் வியாபாரி, அவர் எழுதுகிற கடிதம் முழுக்கச் சரக்குக் கணக்கு. இங்கே எந்த இந்தியத் துணி விலைபோகும், எந்த ரகம் வேண்டாம், மிளகு எப்படி, உப்புக் கருவாட்டில் நல்ல ரகம் ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும், கழிவு ரகம் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் போகிறது என்று விவரமாக எழுதியிருக்கிறார். கழிவு ரகம் யாருக்கு என்று நினைக்கிறீர்கள், அந்தத் தீவுகளில் கரும்புத் தோட்டத்து அடிமைகளுக்கு. செல்வி அக்கா சொன்ன விஷயம் உலகத்தின் அந்த மூலையையும் தொட்டுக்கொண்டு போகிறது.

1674-ல் கப்பல் ஏறியவர் பிறந்த மண்ணுக்குத் திரும்பவே இல்லை. லண்டனில் இருந்தபடி மாசசூசெட்ஸ் கவர்னர் ஜோசஃப் டட்லியை நீக்க வேண்டும் என்று ராணிக்குப் போன மனுவில் முன்னின்று கையெழுத்துப் போட்டார், அந்தப் பதவி தனக்கு வரும் என்ற எண்ணமும் இருந்தது. நடக்கவில்லை. 1708-ல் லண்டனில் அம்மை கண்டு இறந்தார், வயது 56. அதே வருஷக் கடைசியில் சேலத்தில் அப்பாவும் போய்விட்டார், தொண்ணூறைத் தாண்டியவர்.

பெத்துநாயக்கன்பேட்டை:

மணி, இதெல்லாம் எனக்குப் புதுசு, நன்றி. யேலும் பாஸ்டனில் பிறந்தவர்தானே? அப்படியானால் அடுத்தடுத்து இரண்டு மதராஸ் கவர்னர்கள் நியூ இங்கிலாந்தில் பிறந்தவர்கள்.

மாசசூசெட்ஸ் மணி:

ஆமாம், யேல் 1649-ல் பாஸ்டனில் பிறந்தவர், ஆனால் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே குடும்பத்தோடு இங்கிலாந்து போய்விட்டார். ஹிக்கின்சன் இங்கேயே வளர்ந்து படித்தவர். ஹார்வர்டில் படித்தவர் பெயர் மறைந்துவிட்டது, கல்லூரிக்கே போகாதவர் பெயரில் யேல் பல்கலைக்கழகம் நிற்கிறது. 1718-ல் கனெக்டிகட்டில் இருந்த ஒரு சின்னக் கல்லூரிக்கு யேல் துணிமணி, புத்தகம், இங்கிலாந்து ராஜாவின் படம் எல்லாம் அனுப்பினார், துணியை விற்றுக் கட்டடத்துக்குப் பணம் சேர்த்தார்கள். மதராஸ் வியாபாரத்தில் வந்த பணத்தில் பெயர் வாங்கினார் என்றால் சரியாக இருக்கும்.

புரசை ராஜா:

அப்படியென்றால் ஹிக்கின்சன் கவர்னராக என்ன செய்தார்? எங்கள் புரசைவாக்கம் அவர் காலத்தில் சேர்ந்தது என்று மேலே பார்த்ததும் ஆர்வமாகிவிட்டது. யேலை எப்படி மாற்றினார்கள்?

தங்கசாலை வாசகன்:

யேல் சொந்த வியாபாரத்துக்குக் கம்பெனிப் பதவியைப் பயன்படுத்திக்கொண்டார் என்ற புகார்கள், கவுன்சிலோடு தீராத சண்டை, எல்லாம் சேர்ந்து 1692-ல் அவரை இறக்கிவிட்டு ஹிக்கின்சனை உட்கார வைத்தார்கள். விசாரிக்க சர் ஜான் கோல்ட்ஸ்பரோ என்பவர் வந்தார். யேல் உடனே ஊருக்குப் போகவும் முடியவில்லை, கணக்கு வழக்கு தீராமல் 1699 வரை இங்கேயே இருந்தார். யோசித்துப் பாருங்கள், தனக்குப் பிரமாணம் செய்துவைத்த முன்னாள் கவர்னர் அதே சின்னக் கோட்டைக்குள் வசிக்கிறார், அவர் மீது இருக்கிற வழக்கை நடத்த வேண்டியது இவர். எதிர் எதிர் வீடு மாதிரி. ஆறு வருஷம் அப்படி ஓட்டியிருக்கிறார்.

வெளியே நிலைமை இன்னும் மோசம். மொகலாயத் தளபதி ஜுல்ஃபிகார் கான் 1690 முதல் செஞ்சிக் கோட்டையை முற்றுகையிட்டுக்கொண்டிருக்கிறார், உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். 1698 வரை அந்த முற்றுகை இழுத்தது. அப்போது கர்நாடகம் என்று சொன்ன இந்தப் பக்கம் முழுக்கக் குதிரைப்படையும் பஞ்சமும். இரண்டு பக்கமும் கம்பெனியிடம் பணம் கேட்பார்கள், வெடிமருந்து கேட்பார்கள், ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்குக் கோபம். மதராஸை ஒரு தரம்கூடக் கொள்ளை போகவிடாமல் அந்த ஆறு வருஷத்தைக் கடத்தியதை நான் பெரிதாக மதிக்கிறேன். பெரிய வீர தீரம் எதுவும் இல்லை, பரிசு அனுப்புவது, கடிதம் எழுதுவது, நாள் கடத்துவது. மொகலாயர் பக்கம் நல்லுறவு வைத்துக்கொண்டதால்தான் அவர்கள் நாணயத்தை மதராஸில் அச்சடிக்கும் உரிமையும், உங்கள் புரசைவாக்கம் உட்பட மூன்று கிராமங்களும் வந்தன. நாணயச் சாலையில் வேலை பார்த்துப் பழகியவர் என்பது இதற்குக் கைகொடுத்திருக்கும் என்பது என் எண்ணம்.

அவருக்குப் பிறகு தாமஸ் பிட் வந்தார். வைரம், சண்டை, கோபம் என்று கதை சொல்ல ஏராளம் இருக்கிற மனிதர். முன்னால் யேல், பின்னால் பிட், நடுவில் இந்த அமைதியான ஆள். அதனால்தான் மறந்துபோனார்.

திருவொற்றியூர் செல்வி:

அவர் திறமையை நான் மறுக்கவில்லை சார். ஆனால் மூன்று கிராமங்கள் 'வந்தன' என்று சொல்லும்போது, அங்கே ஏற்கனவே உழுதுகொண்டிருந்தவர்கள் யாரிடம் வரி கட்ட வேண்டும் என்பது அவர்களைக் கேட்காமலேயே மாறியது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். எழும்பூரில் ஏரி இருந்தது, நெல் விளைந்தது. தண்டையார்பேட்டை எங்கள் பக்கத்து ஊர். அரண்மனையிலோ பாசறையிலோ ஒரு காகிதத்தில் முத்திரை விழுந்தால் இங்கே களத்து மேட்டில் கம்பெனியின் ஆள் வந்து நிற்பான்.

கணக்கன்:

இப்போது நான் முக்கியமாக நினைப்பதைச் சொல்லிவிடுகிறேன். பெத்துநாயக்கன்பேட்டை சொன்ன அந்த மூன்று ஆல்டர்மேன் இடங்கள் என்ன ஆயின? ஹிக்கின்சன் சில மாதங்களே மேயராக இருந்தார், அப்புறம் ஜான் லிட்டில்டன். சாசனப்படி பள்ளிக்கூடம், டவுன் ஹால், சிறைச்சாலை, சாக்கடை எல்லாம் மாநகராட்சி வரி போட்டுக் கட்டியிருக்க வேண்டும். ஆனால் சைல்டு நினைத்த மாதிரி யாரும் மனசாரக் கொடுக்கவில்லை. உள்ளூர் ஆல்டர்மேன்களை உட்கார வைத்ததாலேயே ஜனங்கள் ஏமாந்துவிடவில்லை, வரி வரிதானே. பணம் இல்லாத மாநகராட்சி மெல்ல மெல்ல ஒரு நீதிமன்றமாகச் சுருங்கிவிட்டது.

அப்புறம் 1726-ல் லண்டனில் புதுச் சாசனம் போட்டார்கள். முதல் சாசனம் 1687 டிசம்பர் 30 தேதியிட்டது, அதைக் கம்பெனி தன் பெயரில் கொடுத்தது. இது ராஜாவின் சாசனம், மதராஸ், பம்பாய், கல்கத்தா மூன்றுக்கும் ஒன்றாக. அதில் 9 ஆல்டர்மேன்கள், 7 பேர் பிரிட்டிஷ் குடிமக்களாக இருந்தே ஆக வேண்டும், மீதி 2 இடம் நட்பு நாட்டுக்காரர்களுக்கு. சின்ன வெங்கடாத்ரி உட்கார்ந்த நாற்காலிக்கு அதில் இடம் இல்லை. 38 வருஷத்தில் கதை அப்படி மாறியது. 1688-ல் இந்திய வணிகர் இல்லாமல் கம்பெனியால் மூச்சுவிட முடியாது, 1726-ல் கம்பெனி வேரூன்றிவிட்டது, அவர்களை மேசையில் உட்கார வைக்க வேண்டிய கட்டாயம் போய்விட்டது.

இந்த ஊர்க்காரர் ஒருவர் மாநகராட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவராக வர 1919 சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வந்தவர் சர் பிட்டி தியாகராயர், அவரும் வணிகர், வண்ணாரப்பேட்டையில் தறிகள் வைத்து நெசவாலை நடத்தியவர். 1920-ல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட வைத்தவரும் அவரே. துணி வியாபாரத்தால் உள்ளே போன மூன்று பேர் துரத்தப்பட்ட இடத்துக்கு, துணி நெய்கிற சமூகத்திலிருந்து ஒருவர் தலைவராக வந்திருக்கிறார்.

பெத்துநாயக்கன்பேட்டை:

கணக்கன் சார், இந்தக் கோணத்தில் நான் யோசித்ததில்லை. ஒரு சின்னச் சேர்க்கை: அந்த ஆல்டர்மேன்கள் குடியிருந்த பழைய கறுப்பர் நகரமே இன்றைக்கு இல்லை. கோட்டைக்கு வடக்கே ஒட்டிக்கொண்டு இருந்த ஊர் அது. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்த பிறகும், 1758, 59 லாலி முற்றுகைக்குப் பிறகும் பீரங்கி சுடத் திறந்தவெளி வேண்டும் என்று இடித்துத் தள்ளிவிட்டார்கள். உயர் நீதிமன்றமும் பழைய சட்டக் கல்லூரிக் கட்டடமும் நிற்கிற இடம் அது. அங்கே இருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலைத்தான் பூக்கடைப் பக்கம் புதிதாகக் கட்டிக் கொடுத்தார்கள். வீடு கட்டக் கூடாது என்று எல்லை காட்டி நட்ட ஆறு தூண்களில் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸில் இன்னும் இருக்கிறது.

புரசை ராஜா:

அந்தத் தூணைப் பார்த்திருக்கிறேன், இதற்காக நட்டது என்று இப்போதுதான் தெரிகிறது.

மாசசூசெட்ஸ் மணி:

ஒரு யோசனை. ரிப்பன் மாளிகையில் மேயர்கள் பெயர்ப் பலகையைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் 1688-ஐச் சேர்ப்பதா 1933-லிருந்து தொடங்குவதா என்ற வாதம் வரும். நான் சொல்வது, 1688-ஐச் சேர்த்தால் மேயர் பெயரை மட்டும் போடாமல் 12 ஆல்டர்மேன்கள் பெயரையும் போட வேண்டும்.

திருவொற்றியூர் செல்வி:

அதற்கு நான் கையெழுத்துப் போடுகிறேன். ஆலங்காத்தா பிள்ளை பெயர் தமிழில், சரியான எழுத்தில் இருக்க வேண்டும். அதே இடத்தில் 1687 பஞ்சத்தைப் பற்றியும் கப்பலேறியவர்களைப் பற்றியும் நாலு வரி இருக்க வேண்டும்.

தங்கசாலை வாசகன்:

ஒத்துக்கொள்கிறேன். பெத்துநாயக்கன்பேட்டை, நீங்கள் அந்தப் பக்கம்தானே, ஏகாம்பரேசுவரர் கோயிலில் கல்வெட்டோ பழைய செப்புத் தகடோ ஏதாவது ஆலங்காத்தா பிள்ளை பெயரோடு இருக்கிறதா என்று கோயில் ஆட்களிடம் கேட்டுப் பார்த்துச் சொல்ல முடியுமா? கிடைத்தால் படம் எடுத்து இங்கே போடுங்கள். மணி, அண்ணன் ஜான் எழுதிய கடிதத்தில் துணி ரகங்களின் பெயர் வருகிற பகுதியை மட்டும் தமிழில் சுருக்கித் தந்தால், அவற்றில் எவை சோழமண்டலக் கரையில் நெய்தவை என்று கணக்கன் சாரும் நானும் பார்த்துச் சொல்கிறோம்.